கைகாட்டி சொல்லும் சொல்



முன்னாளில் ஊர் முச்சந்தியில் கைகாட்டி மரம் ஒன்று நிற்கும். வழி தெரியாத பிரயாணி அதன் கீழே நின்று, எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு மெல்ல நடப்பான். இன்று நமக்கு அந்த அவகாசம் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுபவர் மூன்று நொடி தயங்கினால் 66 மீட்டர் போய்விடும். ஆகவே சாலைக்குறி ஒரே பார்வையில் ஒரே பொருளைத்தான் உணர்த்த வேண்டும். இருபொருள் தருவது புலவனுக்குச் சிலேடை; சாலைக்கு அது விபத்து.

இதனை நான் உணர்ந்தது ஓர் இரவில். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருடன் திருநெல்வேலியிலிருந்து கூடங்குளத்திற்குப் புறப்பட்டேன். நாங்குநேரியைக் கடந்து வள்ளியூரை நெருங்குகையில் நன்றாக இருட்டிவிட்டது. இராதாபுரம் வழியாகச் செல்லும் கிளைச்சாலையைத் தேடினோம். ஒரு பலகை தென்பட்டது. அதன் முற்பகுதியைக் கல்யாணச் சுவரொட்டி ஒன்று மறைத்திருந்தது. எஞ்சியது ‘குளம்’ என்ற மூன்றெழுத்தே! நெல்லைச் சீமையில் குளத்துக்கா பஞ்சம்? ஆலங்குளம் உண்டு, அயலிலே சாத்தான்குளம் உண்டு. நாங்கள் எந்தக் குளத்தில் இறங்குவது?

தரையைப் பார்த்தோம். பழைய கோட்டின்மேல் கருமை பூசிப் புதுக்கோடு போட்டிருந்தார்கள். விளக்கொளியில் இரண்டுமே மின்னின. ஒன்று நேரே அழைத்தது. மற்றொன்று இடப்புறம் இழுத்தது. நண்பர் திகைத்து வேகத்தைக் குறைத்தார். பின்னால் காற்றாலை இறக்கையைச் சுமந்து வந்த நீண்ட லாரி, பேரோசையுடன் சில அடி தூரத்தில் வந்து நின்றது. அந்த ஓசை இன்னும் என் செவியை விட்டு அகலவில்லை.

லாரி ஓட்டுநர் வடநாட்டவர். தமிழ் படிக்கத் தெரியாதவர். அவருக்குச் சாலையின் எண்தான் துணை. தேநீர்க் கடைப் பெரியவரோ, "ஏழாம் நம்பர் ரோட்டிலேயே போங்க" என்று அன்போடு வழி சொன்னார். ஆனால், தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010-ஆம் ஆண்டில் மாற்றப்பட்டபோது, கன்னியாகுமரி செல்லும் அந்த 7, 44 ஆகிவிட்டது. ஓட்டுநர் விழித்தார். பெரியவர்மேலும் பிழையில்லை, பழகிய நாவு பழைய எண்ணையே சொல்லும்.

மொழி தெரியாதவருக்கும் விளங்கவேண்டும் என்றே குறிகளுக்கு வடிவம் வகுத்தார்கள். 1968-இல் வியன்னா நகரில் பல நாடுகள் கூடி இதற்கென ஓர் உடன்படிக்கை கண்டன. நம் சாலைகளில் வட்டம் கட்டளையிடும். செவ்விளிம்பு முக்கோணம் எச்சரிக்கும். செவ்வகம் செய்தி சொல்லும். ‘நில்’ என்பதற்கு எண்கோணம். வண்ணம் மங்கினாலும் வடிவமே பேசும். மைல்கல்லின் தலை மஞ்சளானால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையானால் மாநில நெடுஞ்சாலை. நடுக்கோடு விட்டுவிட்டு இருந்தால், எதிரே வண்டி வராதபோது கவனத்துடன் தாண்டலாம், தொடர்ந்திருந்தால் தாண்டலாகாது.

இத்தனை தெளிவையும் ஒரு கை பசை அழித்துவிடுகிறது. அழிக்காமல் விட்ட ஒரு பழங்கோடு குலைத்துவிடுகிறது. மாணவர்களே! வண்டி ஓட்டக் கற்குமுன் இக்குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பலகை மறைந்திருந்தால் உரிய அலுவலகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். பலகையில் சுவரொட்டி ஒட்டும் நண்பனைத் தடுத்துச் சொல்லுங்கள்: "நீ மறைப்பது ஓர் ஊரின் பெயரை மட்டுமன்று, முன்பின் அறியாத ஒருவர் உயிர்பிழைக்க வேண்டிய மூன்று நொடியையும்தான்."