குழந்தையின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

(திருவொற்றியூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



மேடையேறினால் நாம் கோவிலைப் பற்றியும் புராணத்தைப் பற்றியுமே பேசுவோம் என்று எதிர்பார்த்துச் சிலர் வந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டது ஒரு குழந்தையின் மூச்சைப் பற்றிய சங்கதி. தானாக மூச்சுவிட முடியாமல், வென்டிலேட்டர் என்னும் இயந்திரத்தின் தயவால் இராப்பகலாய் மூச்சுவிட்டுக்கொண்டு, வீட்டிலேயே வளரும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாரை நீங்கள் கூட்டங்களில் பார்த்திருக்க முடியாது. கட்டிலை விட்டு நகர முடிந்தால்தானே கூட்டத்திற்கு வருவார்கள்?

காசிமேட்டை அடுத்த ஒரு சந்தில் அப்படிப்பட்ட வீடு ஒன்றுக்குப் போயிருந்தோம். ஒரே அறை. கட்டிலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. கழுத்தின் முன்புறத்தில் துளையிட்டுச் சிறு குழாய் வைத்திருக்கிறது. அதிலிருந்து நெளிகுழாய் ஒன்று மெஷினுக்குப் போகிறது. மெஷின் நம் வீட்டு டிரங்குப் பெட்டியை விடச் சிறியதுதான். பக்கத்தில் சளி உறிஞ்சும் மெஷின், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், கட்டிலுக்கடியில் இன்வெர்ட்டர் பாட்டரி. தகப்பனார் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். குழந்தையின் புத்தியில் ஒரு குறையும் இல்லை. நம் மீசையைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தது. “கடைசியாக இரவு முழுவதும் எப்போது தூங்கினீர்கள், அம்மா?” என்று கேட்டோம். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சளி எடுக்க எழுந்துவிட்டார்.

அந்த அம்மாளுக்கு ஊரார் கொடுத்திருக்கும் பட்டம் என்ன தெரியுமா? “எந்த ஜென்மத்தில் செய்த பாவமோ!” என்பதுதான். தோழர்களே, இந்தப் பேச்சைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன் ஜென்மத்துப் பாவத்திற்கு இந்த ஜென்மத்தில் தண்டனை உண்டென்றால், இந்த ஜென்மத்திலேயே படிக்கல்லைக் குறைத்து வியாபாரம் செய்கிறவன் மூன்று மாடி கட்டுவது எப்படி? பாவம் என்றாலும் அது தாயின் தலையில் மட்டும் வந்து விழுவானேன்? தகப்பனைப் பார்த்து யாராவது சொன்னதுண்டா?

அக்குழந்தைக்கு வந்திருப்பது ஸ்பைனல் மஸ்குலர் அட்ராபி என்னும் நோய். உடம்பின் தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பு அணுக்கள் முதுகுத் தண்டிலே உள்ளன. அவை பிழைத்திருக்க வேண்டிய சத்துப்பொருளைச் செய்யும் ஜீன் 5ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பனிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டும் பழுதாயிருந்தால்தான் இந்த நோய் வரும். பெற்றவர்கள் ஒவ்வொருவரிடமும் நல்லது ஒன்று, பழுது ஒன்று இருக்கும். அவர்களுக்கு நோய் இராது. அப்படிப்பட்ட இருவர் பிள்ளை பெறும் ஒவ்வொரு தடவையும் நான்கில் ஒரு பங்கு இந்த அபாயம் உண்டு. இதில் தாயின் பங்கு பாதி, தகப்பன் பங்கு பாதி; பாவத்தின் பங்கு பூஜ்யம். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்கிறோமே, அதனால் ஒரே பழுது இரண்டு பக்கத்திலும் இருக்கும் வாய்ப்பு அதிகமாகிறது. சாஸ்திரிகள் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தார். இந்தப் பொருத்தத்தைப் பார்த்தாரா?

மூச்சு என்பதும் பெரிய தெய்வ ரகசியம் அல்ல. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்கினால் நெஞ்சு விரிந்து காற்று உள்ளே போகும். அந்தத் தசை சோர்ந்துவிட்டால் வெளியிலிருந்து காற்றைத் தள்ள வேண்டும். தள்ளினால் பிழைக்கும், நிறுத்தினால் சாகும். இடையில் எந்தத் தேவதைக்கும் வேலையில்லை.

1952 ஆகஸ்டில் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ நோய் பரவியபோது இது பிரத்தியட்சமாக விளங்கிற்று. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். அப்போது பியோர்ன் இப்சென் என்ற டாக்டர் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிடச் செய்து குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் அப்படியே பையை அழுத்தச் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு வந்து, மாதக்கணக்கில் இராப்பகலாக உட்கார்ந்தார்கள். இன்றைய வென்டிலேட்டர் வைத்தியம் வளர்ந்தது அந்தக் கைகளிலிருந்துதான்.

முறைபோட்டு என்று சொன்னோம். அந்த வார்த்தையைக் கவனியுங்கள். நீங்கள் தொழிலாளிகள், ஷிப்டு என்றால் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோழர் சிங்காரவேலர் 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினாரே, அது எட்டு மணி நேர வேலைக்காகத்தான். அத்திப்பட்டில் பாய்லரைப் பார்த்துக்கொள்ள மூன்று ஷிப்டு ஆள் உண்டு. குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரே ஷிப்டு, ஒரே ஆள். அதுவும் சம்பளமில்லாத ஆள்! அதற்குத் தாய்மை, தியாகம் என்று பேர் வைத்து மாலை போட்டுவிட்டால், தூங்காத கண்ணுக்குத் தூக்கம் வந்துவிடுமா?

உதவி செய்ய வருகிறவர்களோ சாம்பிராணியோடு வருகிறார்கள். அந்த வீட்டில் மூன்று மதத்துக்காரர்களும் வந்து போயிருந்தார்கள். ஒருவர் விபூதியை ஊதினார். ஒருவர் கழுத்திலே தாயத்தைக் கட்டினார். ஒருவர் புனித நீரை வாயில் விட்டார். தோழர்களே, கழுத்துத் துளையில் போகும் தூள் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். தடுக்க அங்கே மூக்கு இல்லை. தாயத்துக் கயிறு குழாய் நாடாவோடு சிக்கிக்கொண்டால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். விழுங்கத் தெம்பில்லாத குழந்தைக்கு வாயில் விட்ட நீர் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் கற்பூரம் கொளுத்தினால் வீடே எரியும். அன்போடு செய்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் அந்தக் கட்டிலண்டை உட்கார்ந்தால் அந்த அன்பு உபயோகப்படும்.

இனி மின்சாரத்தைப் பற்றி. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வல்லூரிலும் அத்திப்பட்டிலும் இன்னமும் புகைபோக்கிகள் நிற்கின்றன. நாட்டுக்கு வெளிச்சம், நமக்குச் சாம்பல்! அந்தச் சாம்பலைச் சுவாசிக்கும் தெருவிலே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது நாள் கணக்கில் கரண்டு இல்லை. பாட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம்? அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். மெஷினோடு கட்டுண்ட குழந்தை எங்கே ஓடும்? ஆஸ்திரேலியாவில் வீட்டில் உயிர்காக்கும் மெஷின் வைத்திருப்போர் பெயரை மின்சாரக் கம்பெனி பதிவுசெய்து வைக்க வேண்டும். பழுதுபார்க்க மின்சாரத்தை நிறுத்துவதானால் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கேயும் எந்தச் சந்தில் எந்த வீட்டில் மெஷின் ஓடுகிறது என்பது ஈ.பி. ஆபீசுக்கும், 108 வண்டிக்கும், வார்டு கவுன்சிலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதை நாம் பிச்சையாகக் கேட்கவில்லை.

“ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிடலாமே” என்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கேட்டி பெக்கெட் என்ற குழந்தை ஏறக்குறைய மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் சர்க்கார் பணம் தரும், வீட்டுக்குப் போனால் நிறுத்திவிடும் என்பது அங்கே சட்டம். வீட்டுச் செலவோ அதை விடக் குறைவு! 1981இல் சங்கதி ஜனாதிபதி வரைக்கும் போய், விதி தளர்த்தப்பட்டு, குழந்தை வீடு வந்தாள். வளர்ந்து கல்லூரியில் படித்து, தன்னைப் போன்றவர்களுக்காகப் பேசி, 2012 வரை வாழ்ந்தாள். நம் சர்க்கார் தசைச் சிதைவு நோயாளிகளுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் நாளொன்றுக்கு 66 ரூபாயில் ஒரு ஆயாவைக்கூட அமர்த்த முடியாது. 2021 முதல் வீடு தேடி மருத்துவம் வருகிறதே, அந்தச் சுகாதாரப் பெண்கள் இந்த வேலையிலும் பழக்கப்பட்டு, வாரத்தில் இரண்டு இரவாவது தாயைத் தூங்க வைக்கட்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நோய்க்கு உள்ள ரிஸ்டிப்லாம் என்னும் மருந்து புட்டி ஆறு லட்சம் ரூபாய் அளவில் விற்றது. 2025 அக்டோபரில் டில்லி ஹைகோர்ட்டுத் தீர்ப்புக்குப் பின் இந்தியக் கம்பெனி அதை 15,900 ரூபாய்க்கு வெளியிட்டது. எந்த யாகத்தால் விலை இறங்கியது? செத்த நரம்பு அணுவை அம்மருந்து பிழைப்பிக்காது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துக் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். கழுத்துக் குழாய் வேண்டாமென்று டாக்டரோடு கலந்து முடிவு செய்த பெற்றோரையும் நாம் குறை சொல்லமாட்டோம். அந்தச் சுமையைத் தூக்காதவர்களுக்கு அந்த யோக்கியதை கிடையாது.

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறமுள்ள மேஜையில் ஒரு ஆம்பு பையும் ரப்பர்ப் பொம்மையும் வைத்திருக்கிறோம். அந்தப் பைக்குக் கரண்டு வேண்டாம், கை போதும். நர்சு வேலை பார்க்கும் தோழியர் ஒருவர் அழுத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்க இசைந்திருக்கிறார். பழகியவர்கள் பெயரும், எந்த ஷிப்டில் ஓய்வு என்பதும் நோட்டில் எழுதிக்கொள்ளப்படும். ஆண்களும் வரவேண்டும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் வரலாம்.