பெயின்ட் அடிச்சா பூஞ்சை போயிடுமா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சற்றே சுருக்கப்பட்டது)

இன்னிக்கு வீட்டுச் சுவரைப் பத்திப் பேசப்போறேன். குழந்தைகள் டாக்டருக்கு சுவர்ல என்ன வேலைன்னு நினைக்கலாம். முதல்ல ஒரு குழந்தையைப் பத்திச் சொல்லிடறேன்.

இங்கிலாந்துல மான்செஸ்டருக்குப் பக்கத்துல ராச்டேல்னு ஒரு ஊர். அங்கே ஒரு படுக்கையறை மட்டும் உள்ள வாடகை வீட்டுல, சூடான்ல இருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. சுவர்ல பூஞ்சை வருதுன்னு 2017-லயே அப்பா புகார் சொன்னார். மேல பெயின்ட் அடிச்சுக்கச் சொன்னாங்க. அடிச்சார். பூஞ்சை திரும்ப வந்தது.

அடுத்த வருஷம் பையன் பிறந்தான். பேர் அவாப் இஷாக். 2020 டிசம்பர்ல, ரெண்டாவது பிறந்தநாள் முடிஞ்சு எட்டாவது நாள், அவன் இறந்துட்டான். வீட்டுப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசிச்சதால வந்த கடுமையான சுவாச நோய்தான் காரணம்னு 2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார். அதுவரைக்கும் வீட்டுக்காரங்க தரப்பு சொல்லிட்டிருந்தது என்ன தெரியுமா? அந்தக் குடும்பம் குளிக்கிற விதம், வாழுற விதம்தான் காரணம்னு. உண்மையில, அந்த வீட்டுல போதுமான காற்றோட்டம் இல்லை. அப்படி நினைச்சது தப்புன்னு பிறகு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, இதே பேச்சு நம்ம ஊர்லயும் கேட்கும். மழைக்காலம் முடிஞ்சதும் ஓதம் ஏறின சுவரைக் காட்டினா, "பொங்கலுக்குப் பெயின்ட் அடிச்சுடலாம்"னு ஓனர் சொல்வார். "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கலையா?"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. அம்மா குற்ற உணர்ச்சியில சுவரைத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க.

பூஞ்சை வளர முக்கியமாத் தேவை ஈரம். அதனால நாம கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணி எங்கிருந்து வருது?" மொட்டைமாடி விரிசலா? மேல் வீட்டுக் குளியலறைக் குழாயா? ஜன்னலே திறக்காத அறையில காயப்போட்ட துணியா? அதைச் சரி பண்ணாம பெயின்ட் அடிச்சா, கறை மறையும். ஈரம் அப்படியே இருக்கும்.

குழந்தைகளுக்கு ஏன் அதிகம் பாதிக்குது? அவங்க மூச்சுக்குழாய் சின்னது. கொஞ்சம் வீங்கினாலும், சளி சேர்ந்தாலும் அடைச்சுக்கும். பெரியவங்களை விட வேகமா மூச்சு விடுறதால, உடல் எடைக்கு அவங்க இழுக்கிற காற்றும் அதிகம். பூஞ்சை காத்துல விடுற நுண்ணிய வித்துகள் ஆஸ்துமாவைத் தூண்டும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகள்ல இளைப்பு, இருமல், சுவாசத் தொற்று அதிகமா வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2009-லயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. எல்லா இருமலுக்கும் பூஞ்சைதான் காரணம்னு சொல்லலை. ஆனா வீட்டுல இருந்தா வீசிங், பாட்டி வீட்டுக்குப் போனா குறையுதுன்னா, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. சுவரையும் போட்டோ எடுத்துட்டு வாங்க. நாங்க கேட்க மறந்தாலும் நீங்க காட்டுங்க.

வீட்டுல செய்யக்கூடியது: உலர்ந்த துடைப்பத்தால தட்டாதீங்க, வித்துகள் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, நல்லா காய விடுங்க. அப்போ குழந்தை அந்த அறையில இருக்க வேண்டாம். பிளீச்சிங்கோட ஆசிட் எதையும் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். கட்டிலையும் பீரோவையும் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்க. இன்ஹேலரை நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சு விடும்போது விலா உள்வாங்குது, பால் குடிக்க முடியலை, உதடு நீலமாகுதுன்னா, உடனே ஆஸ்பத்திரி.

வாடகை வீடுன்னா, தேதி போட்டு எழுத்துல தெரிவிங்க. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் சரி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, கட்டடப் பழுதும் குழாய் மாத்துறதும் ஓனர் பொறுப்பு.

அவாபோட அப்பா அம்மா விடலை. இங்கிலாந்தோட சமூக வாடகை வீடுகளுக்கு இப்ப "அவாப் சட்டம்" இருக்கு. 2025 அக்டோபர்ல அமலுக்கு வந்தது. அவசர ஆபத்துன்னா 24 மணி நேரத்துல சரி செய்யணும். மத்த பெரிய ஈரம், பூஞ்சைப் புகார்களை 10 வேலை நாள்ல ஆய்வு செய்யணும்.

இன்னிக்கு ராத்திரி குழந்தை தூங்கினப்புறம் ஒரு டார்ச் எடுத்து, பீரோவுக்குப் பின்னாடி பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.