ஆயிலில் கலந்த தண்ணீர்

கோத்தகிரியில் பனிக்காலம் வந்தால் பிக்கப் வண்டிக்காரர்களுக்கு ஒரு பயம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெள்ளைப் பசை. இன்ஜின் போச்சா?

அவசரப்படாதீர்கள். டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்தால், மூடியில் படிந்தது பெரும்பாலும் வெறும் ஈரம்தான். தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடேறுவதே இல்லை. ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். மேட்டுப்பாளையம் போய் வாருங்கள், சுமார் 33 கிலோமீட்டர். இறங்கும்போது அல்ல, ஏறும்போதுதான் இன்ஜின் காயும்!

டிப் ஸ்டிக்கிலும் வெள்ளை, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக் சூடான தகரத்தில் ஒரு சொட்டு ஆயில் விடுவார். தண்ணீர் இருந்தால் படபடவெனப் பொரியும். இரவு முழுக்க நின்ற வண்டியின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தினாலும் தெரியும். தண்ணீர் கனம், முதலில் அதுதான் சொட்டும்.

ராமேஸ்வரத்து விசைப்படகில் இதே வெள்ளை தெரிந்தால் கதை வேறு. ஆயில் கூலர் ஓட்டையாகிக் கடல்நீர் புகுந்திருக்கலாம். உப்பு பேரிங்கை அரித்துவிடும். அங்கே அன்றைக்கே ஆயிலை வடித்தாக வேண்டும்.