எண்ணிப் பார்க்கும் நோன்பு



மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் காங்கேய நாட்டின் கிளுவை வேலிகளின்மீது விடியற்காலைப் பனி படிந்து கிடக்கும். இங்கு வீடுகள் யாவும் தெருவாய் நெருங்கி நிற்பதில்லை. தோட்டத்துக்கொரு சாளையாகத் தனித்து நிற்பன பல. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் சென்றுவிட, அச்சாளைகளில் முதியோர் இருவராகவோ ஒருவராகவோ எஞ்சியுள்ளனர். கோடையில் வேம்பின் நிழலிற் கூடிப் பேசுவோரும் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்துக் கொள்கின்றனர். ஒரு சொல்லும் பேசாமலே நாட்கள் கழிகின்றன.

இத்துயர் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் அரசு 2018 ஆம் ஆண்டில் தனிமைத் துயருக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. 2021 இல் ஜப்பானும் அவ்வாறே செய்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 இல் அறிவித்தது. அமைச்சர் எவரும் இன்றியே இதற்கு மருந்தாகும் முறையொன்று பாவை நோன்பில் உண்டு.

திருப்பாவையின் 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரையுள்ள பத்தும் தோழியரை எழுப்புவன. மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவையும் துயிலெழுப்புதலிலேயே தொடங்குகின்றது. இறைவனைக் காணப் புறப்பட்டோர் வீடுவீடாய் நின்று காலம் போக்குவானேன்? ஒருத்தி விடுபடினும் நோன்பு நிறையாது என்பது அவர்தம் துணிபு. 15 ஆம் பாசுரத்தில் உள்ளிருப்பவள், அனைவரும் வந்தாயிற்றா என வினவுகின்றாள். வெளியே வந்து நீயே கணக்கிட்டுக்கொள் என்கின்றனர் தோழியர். உறங்கியவளே எண்ணுபவள் ஆகிவிடுகின்றாள்!

இந்நாளில் ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுகின்றோம். அஃது எவரையும் எழுப்பும்; எவரையும் எண்ணாது. சென்ற மார்கழியில் நாள்தோறும் வந்த மூதாட்டி இவ்வாண்டு வரவில்லையெனின் காரணம் குளிராக இருக்கலாம். முழங்கால் வலியாகவோ, உடன் வந்தவர் மறைந்தமையாகவோ இருக்கலாம். கேட்டாலன்றோ தெரியும்? வண்டியுடையோர் ஒருவரை ஏற்றி வரலாம். வர இயலாதோர்க்குப் பொங்கற் பிரசாதம் கொண்டு செல்வோர், வாயிற்படியிலேயே திரும்பாது சிறிது நேரம் அமர்ந்து பேசவேண்டும். பேச்சுக்குப் பொருள் தேட வேண்டுவதில்லை. மாட்டையும் மழையையும் பற்றி ஒரு சொல் கேட்டால் கொங்கு நாட்டு முதியோர் தாமே தொடங்கிவிடுவர்.

தை பிறந்ததும் பெண்டிர் கூடி ஆவாரம்பூப் பறித்துக் கும்மியடிக்கும் பூப்பறிக்கும் நோம்பி வரும். அதன்பின் சிவன்மலையில் தைப்பூசத் தேர். அத்தேர் காண விரும்பும் முதியோர் யாவர், அவருள் எவர்க்குத் துணை வேண்டும் என்பதனை இம்மார்கழியிலேயே கேட்டு வைத்தல் நலம்.