உலாவும் சுற்றுலாவும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழில் உலா என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழு பருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குவர். அங்கே போகிறவன் பார்க்கப்படுகிறவன், நிற்பவரே பார்க்கிறவர். சுற்றுலா என்னும் இக்காலச் சொல்லோ இம்முறையை மாற்றிவிட்டது. போகிறவரே பார்க்கிறவர் ஆயினர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் வெளியே அழைத்துச் செல்லும் கல்விச் சுற்றுலாவுக்கு உயிர்நிலை இந்தப் பார்த்தலே ஆகும்.

ஆனால், நடைமுறை வேறாக இருக்கக் காண்கிறோம். விடியுமுன் பேருந்து புறப்படுகிறது. கோயில், அணைக்கட்டு, உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், கடற்கரை என ஒரே பகலில் ஐந்து இடங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் முன்னிருப்பவர் தோளைப் பற்றியபடி வரிசையில் நடக்கின்றனர்; ஆசிரியர் தலைகளை எண்ணிக்கொண்டே வருகிறார். பார்க்கச் சென்ற பிள்ளைகள், பழைய உலாவில் போல, ஊரார் பார்க்கும் ஊர்வலமாகித் திரும்புகின்றனர். மறுநாள் 'என்ன கண்டாய்?' என்று கேட்டால் புளிச்சோறும் பேருந்தில் பாடிய பாட்டுமே விடையாகக் கிடைக்கின்றன. குறை பிள்ளைகளுடையது அன்று. நின்று பார்க்க அவர்களுக்குப் பொழுது தரப்படவில்லை.

ஓரிடத்தில் நெடும்பொழுது தங்கினால் என்ன விளையும் என்பதற்கு வேடந்தாங்கலைச் சான்றாகக் கொள்ளலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வேரிக்குக் கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் திரளாக வருகின்றன. வறுமையுற்ற சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூதுவிட்ட பாடலை முதல்நாள் வகுப்பிலே ஆசிரியர் எளிய கதையாகச் சொல்லட்டும். அப்பாடலின் நாரைக்குச் சிவந்த அலகு. மறுநாள் கரையில் நிற்கும் குழந்தை நத்தைகுத்தி நாரையைக் காண்கிறது. 'இதன் அலகு சிவப்பாக இல்லையே! நடுவில் சந்து தெரிகிறதே!' என்று அது கேட்குமாயின், பயணத்தின் பயன் அங்கேயே கிடைத்துவிட்டது. இது வேறு நாரை; ஓட்டினுள் இருக்கும் நத்தைச் சதையை எடுக்க இவ்வலகு உதவுகிறது; குஞ்சுக்கு இச்சந்து கிடையாது, வளர வளரவே தோன்றும் என்று ஆசிரியர் விளக்கலாம். சங்கப் புலவர்க்கு வாய்த்திருந்த நுண்ணிய பார்வையின் தொடக்கம் இத்தகைய கேள்வியே அன்றோ?

அக்கேள்வி பறவையோடு நில்லாது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. ஆதலால் உழவர் பறவைகளைக் காத்தனர். அவர்கள் வேண்டுகோளை ஏற்று 1798ஆம் ஆண்டிலேயே அந்நாளைய ஆட்சியர் பாதுகாப்பு ஆணை வழங்கினார் என்பர். 2022இல் இவ்வேரி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஓர் அலகில் தொடங்கிய பாடம் வேளாண்மைக்கும் வரலாற்றுக்கும் இவ்வாறு வழிகாட்டுகிறது.

வேடந்தாங்கல் எல்லாப் பள்ளிகட்கும் அண்மையில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் மதகு உள்ள ஏரியும் குயவர் சூளையும் அஞ்சலகமும் பல ஊர்களில் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. பேருந்துக் கட்டணம் செலுத்த இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளை பயண நாளில் வீட்டிலிருக்கிறது. மறுநாள் தோழர்கள் கதை கதையாய்ப் பேசுகையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறது. ஒரு பிள்ளையையேனும் விட்டுச்செல்லும் பயணத்தைக் கல்விப் பயணம் எனல் தகாது. காசின்றிச் செல்லக்கூடிய இடத்தை முதலில் தேர்வதே முறை.

காவல் குறித்தும் ஒரு சொல். 2024ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா நகரில், ஹர்ணி ஏரிக்குச் சென்ற பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியரும் மாண்டனர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தனர். பலருக்கு மிதவைச் சட்டை இல்லை. ஆசிரியர் ஒருவர் முன்னதாகவே சென்று இடத்தை ஆராய்தல், சிறு குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குதல், ஐயம் தரும் படகில் ஏற்ற மறுத்தல் ஆகியன ஒரு பள்ளியின் குறைந்த அளவுக் கடமைகள். பயணத் திட்டத்தில் இடங்கள் குறையக் குறையக் கண்காணிப்பும் எளிதாகும்.

திரும்பிய மறுநாளில் இரண்டு பாடவேளை இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் தான் கண்ட ஒன்றை வரைந்து, அதன் கீழே தன் சொல்லிலேயே மூன்று வரி எழுதட்டும். கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படியெடுக்கச் சொல்லும் கட்டுரை வேண்டாம்.

இவ்விலக்கிய வட்டம் தோன்றிய ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை இன்று பத்தாம் வகுப்பை முடித்திருக்கும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் அன்பர்கள் தத்தம் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டில் ஒருநாள் துணையாகச் செல்ல முன்வரலாம். மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் மதகு வேலை செய்யும் வகையும் அறிந்த பெரியவர்கள் இங்கே பலர் உள்ளனர். அவர்கள் அறிந்த சொற்கள், அச்சொற்களுக்குரிய பொருள்கள் இன்னும் கண்முன் இருக்கும்போதே, பிள்ளைகளைச் சென்றடையட்டும்.