கொடிமுந்திரி கொய்யும் நாள்



மாசி, பங்குனித் திங்களில் கொல்கத்தாவின் மெச்சுவா பழச்சந்தையில் குவியும் பச்சைத் திராட்சை, பெரும்பாலும் மகாராட்டிரத்து நாசிக் பகுதியில் விளைந்தது. ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் வழியைத் தாங்கி வருவது. வங்கத்தார் அதனை ஆங்கூர் என்பர். பழந்தமிழர் வழக்கில் அது கொடிமுந்திரி. ஆனால், நம்மில் பலர் இளமையில் சுவைத்த கருநிறப் பன்னீர்த் திராட்சை இங்கு எளிதில் கிட்டுவதில்லை. காரணம் அறுவடையிலேயே அடங்கியிருக்கிறது.

வாழையையும் மாவையும் காயாகப் பறித்துப் பின்னர்ப் பழுக்க வைக்கலாம். திராட்சை அத்தகையதன்று. கொடியினின்று நீங்கியபின் அதன் இனிப்பு சிறிதும் மிகாது. ஆதலின், கொய்யும் நாளைக் குறிப்பதே உழவர்க்குப் பெருஞ்சோதனை.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில், பந்தல்மேல் கொடிகள் படர்ந்து நிற்கும். கவாத்துச் செய்து நான்கு மாத அளவில் குலைகள் முற்றும். கவாத்து நாள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவதால், அங்கே ஆண்டு முழுவதும் அறுவடைதான். 2023இல் இப்பழம் புவிசார் குறியீடும் பெற்றது.

குலையின் நுனிப்பழமே கடைசியில் இனிப்பது. அதைச் சுவைத்துப் பார்த்துத்தான் கத்தரியை எடுப்பார்கள். வெயில் ஏறுமுன், காம்பைப் பற்றி, பழத்தின்மேல் படிந்த வெண்பொடி கலையாமல் நறுக்குவார்கள். அந்த வாரம் விலை இறங்கியிருந்தால் என் செய்வது? நான்கு நாள் பொறுக்கலாம். பொறுத்த நாளில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்ததை வியாபாரி தொடமாட்டார். கேட்ட விலைக்குக் கொடுத்தாலோ, மருந்துக்கும் கூலிக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். நாம் சந்தையில் விலை பேசும்போது இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கொய்தாலும், சாறு மிகுந்த அம்மென்பழம் நெடுவழிக்கு ஆகாது. தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும், மலைக்கு அப்பால் கேரளத்துக்குமே அது மிகுதியும் செல்கிறது.

தாகூர் 1892இல் எழுதிய 'காபூலிவாலா' கதையில், மகளைப் பிரிந்து இந்நகரில் வணிகம் செய்த ரகமத், சிறுமி மினிக்குத் திராட்சை கொணர்வான். அதற்குப் பணம் கொடுத்தபோது வாங்க மறுப்பான். தொலைவூர்ப் பழத்தின் அருமையை வங்கத்தார் அன்றே அறிந்திருந்தனர்.

ஊர் சென்று மீளும் அன்பர்கள் பன்னீர்த் திராட்சை கொண்டுவர விரும்பினால், குலையைக் கழுவாது, ஆழமற்ற பெட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பிக் கொணர்க. வழியில் உதிர்ந்தவற்றை ரயிலிலேயே உண்டுவிடலாம்.