சீட்டுக்கட்டும் வழக்குக்கட்டும்



வெள்ளிவிழா மேடையில் சூதாட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமா எனச் சிலர் கேட்டனர். கல்வியைப் பற்றிப் பேச வந்தவன்தான் நான். படித்து முடித்த பிள்ளையை வழிமறிப்பது எது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நமது கரிசல் மானாவாரிப் பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பையும் உளுந்தையும் பருத்தியையும் எடுத்துவிட்டால், பங்குனி தொடங்கி அடுத்த மழை வரை காட்டில் வேலை அரிது. அந்நாட்களில்தான் வேப்பமர நிழலில் சீட்டுக்கட்டு விரிகிறது. பெண்களோ தீப்பெட்டி ஆலையில் தலை நிமிராமல் உழைக்கின்றனர். சனிக்கிழமை அவர்கள் கொண்டுவரும் வாரக்கூலி, ஞாயிறு மாலைக்குள் மரத்தடிக்குப் போய்விடுகிறது.

ஆட்டம் குற்றமாக மாறுவது தோற்ற இடத்திலன்று. தோற்றவனுக்கு மீண்டும் ஆடக் கடன் கிடைக்கும் இடத்தில். ஆயிரம் என்று பேசி, வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, தொள்ளாயிரத்தைக் கையில் திணிப்பவன் சீட்டைத் தொடுவதே இல்லை. சற்றுத் தள்ளித் தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பான். தவணை தவறினால் வாசலில் நின்று பெண்களை ஏசுவான். முதலில் வீட்டு அண்டா போகும். பிறகு அடுத்த வீட்டு ஆடு போகும். ஒருநாள் அரிவாள் வெளியே வரும். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-இலேயே வந்தது. ஆயினும் கடன் வாங்கிய காரணத்தைச் சொல்ல நாணி, நம்மவர் புகார் கொடுப்பதில்லை.

காவலர் வந்தால் பிடிபடுபவன் மரத்தடியில் இருந்தவனே. பொது இடத்தில் சூதாடுவது 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டு, மாலைக்குள் வீட்டுக்குப் போகலாம்” என்று யாரோ சொல்ல, இருபது வயதுப் பிள்ளை தலையசைக்கிறான். தொகை சிறிது, ஆனால் அது தண்டனை. பின்னாளில் அவன் காவலர் தேர்வில் வென்று, நன்னடத்தை விசாரணை நடக்கும்போது அந்தத் தாள் எழுந்து வருகிறது. தருமர் ஆடியதைக் காவியமாகக் கேட்கிறோம். நம் தெருப்பிள்ளை ஆடினால் வழக்கு எண்!

அரசே 1968-இல் பரிசுச்சீட்டு விற்கத் தொடங்கி, 2003-இல் தடைசெய்தது. இன்று மரத்தடியும் தேவையில்லை. ஆட்டம் கைபேசிக்குள் புகுந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் மத்தியச் சட்டம் தடைசெய்தது. கடன் மட்டும் பழைய முறையிலேயே வளர்கிறது.

இளைஞர்களே, 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம். எதையும் ஒப்புக்கொள்ளுமுன் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடுங்கள். சங்கத்தாரிடம் எனக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: பங்குனி முதல் புரட்டாசி வரை நமது படிப்பகம் பகலிலும் திறந்திருக்கட்டும். சாவியை வைத்துக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன்.